மூன்றாவது மேய்ச்சல்

தக்குவாரெம்போவில் மூன்றாம் நாளாக மழை.
உருகுவேயின் வடக்கே மழைக்கு அவசரம் கிடையாது.
அலுவலகத் தகரக்கூரையில் குளம்புச் சத்தம்.

நில்டா சில்வேரா மாத்தேக் குடுவையை
விசைப்பலகைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கிறாள்.
போன மாதம் கொட்டியதில்
எண்டர் பொத்தான் இன்னும் ஒட்டுகிறது.

திரையில் ஒரு பசு.
அட்டவணையில் அதற்கு ஒரே நிரை:
காது வில்லை எண், பிறந்த தேதி,
மிச்ச வாழ்க்கை மொத்தமும்
'விவரம்' என்ற ஒற்றைக் கட்டத்தில்
அடைப்புக்குள் அடைப்பாக
மூச்சு விடாமல் எழுதிய ஜேசன்.
சுவடியைச் சந்தி பிரித்துப் படிக்கிறவர் மாதிரி
காற்புள்ளிக்குக் காற்புள்ளி நின்று
உதடசைத்துப் படிக்கிறாள்.

எஸ்க்யூஎல்லில் இதற்கு அம்பு உண்டு.
சாதாரண அம்பு எய்தால்
பண்ணையின் பெயர்
மேற்கோள் குறிகளைக் கழற்றாமலே வரும்,
சேற்றுச் செருப்போடு உள்ளே நுழைகிறவன் போல.
முனை இரட்டித்த அம்புக்கு
வெறும் எழுத்தாக வந்து நிற்கும்.
ஓர் ஒற்று மிகுந்தால் பொருள் மாறும் என்பது
நமக்குத் தெரியாததா.

தொலைபேசி.
கால்நடை மருத்துவர் வாஷிங்டன் பெந்தான்கூர்
(பெயர்தான் வாஷிங்டன்,
ரிவேராவைத் தாண்டி வடக்கே போனதில்லை):
"வாயில் புண், நுரை.
மூன்றாவது எடையில் சரிந்திருக்கிறாள்.
அப்போது நின்ற இடத்தில்தான் ஒட்டியிருக்கும்.
மூன்றாவது மேய்ச்சல் எது?
லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது."

மேய்ச்சல், சதுர அடைப்பு, மூன்று.
எண்டர். இன்னொரு முறை எண்டர்.
லா எஸ்கொந்திதா.
சொன்னாள். வைத்துவிட்டான்.
அங்கே இருநூற்றுப் பதினான்கு தலைகள்,
இந்த மழையில் முதுகைக் காட்டி நிற்பவை.

குடுவையை எடுத்தவள் உறிஞ்சவில்லை.

பட்டியல் முழுவதையும் இறக்கி
விரல் விட்டு எண்ணினாள்.
ஈன்ற வயல். ஆற்றங்கரை. சான் ஹசிந்தோ.
அப்புறம்தான் லா எஸ்கொந்திதா.
நான்காவது.

விரல் ஒன்றில் தொடங்கும்.
அது சுழியத்தில் தொடங்கும்.
பிறந்த வயலை அது கணக்கிலேயே
ஒரு படி கீழே வைத்திருக்கிறது.
பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியும்.
பயிற்சி வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்தது,
பலகையில் பெரிய வட்டம் போட்டு.
தெரிந்த பள்ளத்தில்தான் கால் மடங்குகிறது.

மூன்றை அழித்து இரண்டு.
சான் ஹசிந்தோ.
இந்த முறை பெயரோடு நிறுத்தாமல்
இன்னும் ஒரு அம்பு உள்ளே விட்டாள்.
பண்ணையாள் எவனோ 'குறிப்பு' என்ற விசையில்
எழுதி வைத்திருந்தான்:
"தவிட்டு நிற நாயைக் கண்டால் மிரள்கிறாள்."

வாஷிங்டன் எடுக்கவில்லை.
எடுக்கவில்லை.
நான்காவது மணிக்கு, பாலத்தருகே:
"ஓடை ஏறிவிட்டது, லாரியை மடக்கிப் போட்டு நிற்கிறோம்.
என்ன?"

சொன்னாள். தப்பு என்னுடையது என்றும் சொன்னாள்.
வைப்பர் அசைகிற சத்தம்.
"நிச்சயமா?"
நாயைப் பற்றிய வரியைப் படித்துக் காட்டினாள்.

"அந்த நாயை எனக்குத் தெரியும்," என்றான் வெகுநேரம் கழித்து.
"சான் ஹசிந்தோ கேட்டடியில் கிடக்கும்.
என் பூட்சைக் கடித்தது."

லாரி திரும்புகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகும் அவள் திரையை மூடவில்லை.
இந்தப் பசுவில் 'தாய்' என்ற விசைக்கு நேரே நல்.
அடுத்த பசுவில் அந்த விசையே கிடையாது.
முனை இரட்டித்த அம்பு எய்து பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே வெற்றுக் கட்டம்தான் விடை.
ஆனால் ஒன்றில், யாரோ ஒருவர்
வேலிக்கு வேலி தேடிப் பார்த்துவிட்டு
தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

மாத்தே ஆறிப்போயிருந்தது.
குடித்தாள்.